உங்கள் வீட்டுக்கு நர்ஸ் கிடையாது

வடகரப்பதி
12-06-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

யோகு எழுதுகிறேன். தபாலாபீஸில் போய்க் கவர் கேட்டால் அங்கிருக்கிற பெண் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள். என்ன செய்வது? இரண்டு மாதமாக நீங்கள் என் போனை எடுப்பதில்லை. என் மகள் கௌசிகாவின் சீரில் நாலு பேர் முன்னால் நான் கத்தியது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாய்மாமன் சீர்த் தட்டோடு மாமன் மட்டும் ஒண்டியாக வந்து நின்றால் யாருக்கு அண்ணா கோபம் வராது? அண்ணிக்கு வீசிங் என்றீர்கள். மூன்று வருடமாக வீசிங். மலைக்காற்று பட்டால் சரியாகும் என்று காந்தலூரில் நிலம் குத்தகைக்கு எடுத்துக் குடியே போனீர்கள். அந்தக் காற்று இன்னுமா வேலை செய்யவில்லை என்று கேட்டேன். இலையில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டீர்கள்.

சரி, அது கிடக்கட்டும். நான் படிக்கப் போகிறேன். சிரிக்காதீர்கள். நர்ஸ் வேலையை விட்டுப் பதினாலு வருடம் ஆகிறது. முப்பத்தெட்டு வயதில் இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் கொடுத்தேன், இரண்டிலும் சீட் கிடைத்துத் தொலைத்துவிட்டது. ஒன்று மனநல நர்ஸிங் டிப்ளமா. ஒரு வருடம், அரசு ஆஸ்பத்திரி, ஹாஸ்டலில் தங்க வேண்டும். இன்னொன்று சமூகப் பராமரிப்பு. அதுவும் ஒரு வருடம்தான், பாலக்காட்டில், தினமும் பஸ்ஸில் போய் வரலாம். முடியாதவர்கள், வயதானவர்கள், மனநோயிலிருந்து தேறியவர்கள் இவர்களின் வீட்டுக்கே போய், அவரவர் காரியத்தை அவரவரே செய்துகொள்ளக் கூட நிற்கிற வேலை. ஜூலை கடைசிக்குள் ஒன்றை எடுத்து மற்றதை விட வேண்டும். இந்த வருடம் தவறினால் வயது தாண்டிவிடும்.

வீட்டில் யோசனை கேட்டேன். என் மாமியார், "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு மருமவளப் படிக்க அனுப்புனா நாளைக்கி பேத்தியக் கேட்டு எவன் வருவானாமா?" என்றார். உங்கள் மாப்பிள்ளை நவீன்குமார் அதற்கும் மேல். "எதையாவது ஒண்ணப் படி. ரெண்டயும் பத்தி ஊட்டுல பேசாத, தலை வலிக்குது" என்கிறார்.

ஹாஸ்டலுக்குப் பயந்து அல்ல, எனக்கே பராமரிப்புப் படிப்புதான் கொஞ்சம் பிடித்திருக்கிறது. ஆனால் நர்ஸிங்கை விட்டால் படித்த படிப்பு வீண் என்றும் மனசு அடித்துக்கொள்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கோபமாகவே சொல்லுங்கள், பரவாயில்லை.

தங்கை,
யோகப்பிரியா


காந்தலூர்
18-06-2025

யோகுவுக்கு,

நீ கத்தியதை நான் மறந்துவிட்டதாக நினைக்காதே. பூண்டு நட்டு முடிகிறவரை நேரமில்லை, அதனால் தாமதம்.

மனநல நர்ஸிங்கையே எடு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. உன் மாமியார் பேச்சைக் காதில் வாங்காதே. கையில் தொழில் இருக்கிறபோது, ஊர் ஊராகப் போய்க் கிழவிகளுக்குத் தலை சீவிவிடுவதற்கு எதற்குப் படிப்பு? மாப்பிள்ளையிடம் நானே பேசுகிறேன்.

தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். அந்தப் படிப்பு முடித்தவர்கள் வீட்டுக்கே வந்து ஊசி போடலாமா? ஒவ்வொரு தடவையும் டாக்டர் பார்க்க வேண்டுமா, அல்லது பழைய சீட்டு போதுமா? மாசத்துக்கு ஒரே ஊசி, மாத்திரையே வேண்டாம் என்று ஒன்று இருக்கிறதாமே. அதைப் போட்டுக்கொள்ள மறுக்கிற ஆளுக்கு எப்படிப் போடுவார்கள்?

உடனே பதில் போடு. இங்கே மழை இல்லை.

அண்ணன்,
ஈஸ்வரமூர்த்தி


வடகரப்பதி
23-06-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பாதியைப் படித்து அழுதுவிட்டேன். இந்த வீட்டில், இந்த ஊரில், எனக்காக ஒருவர் பேசினாரே என்று. மாமியாரிடம் கடிதத்தை நீட்டிக் காட்டக்கூடப் போனேன். நல்லவேளை, இரண்டாம் பாதியைப் படித்துவிட்டேன்.

அண்ணா, வீசிங் இருக்கிறவர் வீட்டில் மருந்து உறிஞ்சுகிற பம்ப்பைப் பற்றிக் கேட்பார்கள். புகை, தூசி, பனி பற்றிக் கேட்பார்கள். நீங்கள் மாசத்துக்கு ஒரு ஊசி கேட்கிறீர்கள். மறுக்கிற ஆளுக்கு எப்படிப் போடுவது என்று கேட்கிறீர்கள். பூண்டு பயிரிடுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு?

போன வருடம் பொங்கலுக்கு நான் அங்கே வந்தபோது அண்ணி அரை மணி நேரம்தான் வெளியே வந்து உட்கார்ந்தார். கை நடுங்கியது. பேச்சு மெதுவாக வந்தது. குளிர் என்றீர்கள். நர்ஸிங் படித்தவள் நானும் குளிர் என்று நம்பிக்கொண்டு சால்வை எடுத்துப் போர்த்திவிட்டு வந்தேன். என்னை நானே நாலு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

எந்தப் படிப்பு என்பதை அப்புறம் பார்ப்போம். இந்து அண்ணிக்கு உண்மையில் என்ன? பூசி மெழுகாமல் எழுதுங்கள். அல்லது போனை எடுங்கள்.

யோகு


காந்தலூர்
29-06-2025

யோகு,

போனில் பேச முடியாது. வீட்டில் பேசினால் அவளுக்குக் கேட்கும், தோட்டத்தில் டவர் கிடையாது. இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்குக் காட்டாதே.

மூன்று வருடத்துக்கு முன் நாம் எல்லோரும் ஒரே ஊரில் இருந்தபோதே ஆரம்பித்தது. இருபது நாள் அவள் தூங்கவில்லை. போர்வெல் குழாய்க்குள்ளிருந்து ஊர்க்காரர்கள் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றாள். குழாய் வாயில் சாக்கைத் திணித்து வைத்தாள். கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார், இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டாள். அதற்குள் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது? நம் ஊரில் ஒருமுறை பேர் வைத்தால் போகாது என்பது உனக்குத் தெரியாததா? அதனால்தான் இந்த மலை.

சரியானதும் மாத்திரை வேண்டாம் என்றாள். கை நடுங்குகிறதாம், நாக்கு தடிக்கிறதாம். நிறுத்தினால் திரும்ப வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் என்ன செய்வேன்? பழைய சீட்டைக் காட்டி உடுமலையில் ஒரு கடையில் வாங்கி, பொடி செய்து சாப்பாட்டில் கலந்தேன். சமையல் நான்தான் என்று சொல்லிவிட்டேன். பருப்பில் கசப்பு தெரியும். களியில் கரையாது. தயிர்ச் சோற்றில் தெரியாது. மூன்று வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

சித்திரையில் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து புதிதாக ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. நான் சமைத்ததைத் தொடமாட்டேன் என்கிறாள். அவளாகச் சோறு பொங்குவதும் இல்லை, அரிசியிலும் கலந்திருப்பேனாம். முட்டையை ஓட்டோடு அவித்து அவளே உரித்துத் தின்பாள். ஆரஞ்சு, வாழைப்பழம், மட்டையோடு சுட்ட சோளக்கருது. தோல் இருக்கிற பண்டம்தான் வாயில் வைப்பாள். ஐம்பத்திரண்டு கிலோ இருந்தவள் இப்போது நாற்பத்திரண்டு. தூக்கமும் திரும்பக் குறைகிறது. எனக்குப் பயமாயிருக்கிறது.

நீ அந்தப் படிப்பைப் படித்துவிட்டால் மாசம் ஒருமுறை தங்கை வருகிற மாதிரி வந்து ஊசி போட்டுவிட்டுப் போகலாம். யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் எப்படியாவது தள்ளிவிடுகிறேன். அதற்காகத்தான் சொன்னேன்.

அண்ணன்


வடகரப்பதி
03-07-2025

அண்ணா,

ஒரு வருடம் தள்ளுகிறீர்களா? நாற்பத்திரண்டு கிலோ பெண்ணை? எதை வைத்து, வாழைப்பழத்தை வைத்தா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் கடிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டு மறுபடி எடுத்து நீவிப் படித்தேன். எது கசக்கும், எது கரையாது என்று சமையல் குறிப்பு மாதிரி எழுதியிருக்கிறீர்களே, எழுதும்போது கை கூசவில்லையா?

அண்ணிக்கு நோய் உண்டு, சரி. ஆனால் தோல் உள்ள பண்டத்தை மட்டும் தின்பது பைத்தியம் இல்லை அண்ணா. அது மூளை. யாராலும் உள்ளே ஒன்றைக் கலக்க முடியாத சாப்பாடு எதுவோ அதைத் தேடிக் கண்டுபிடித்துச் சாப்பிடுகிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் முட்டைதான் அவித்திருப்பேன். குழாயில் பேச்சுக் கேட்டது நோய். புருஷன் சோற்றில் மருந்து வைக்கிறான் என்றது நிஜம். இப்போது அவர் எதைச் சொன்னாலும் இரண்டையும் ஒரே கணக்கில் வைத்து நோய் என்கிறீர்கள்.

கை நடுங்குகிறது, நாக்கு தடிக்கிறது என்று சொன்னாரே, அதை அந்த டாக்டரிடம் போய்ச் சொன்னால் மருந்தை மாற்றிக் கொடுத்திருப்பார். அளவைக் குறைத்திருப்பார். மூன்று வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனை உண்டா? கோதுமை மாவைக்கூடச் சலித்துப் பார்த்துத்தான் பிசைவோம், அந்த மரியாதைகூட இல்லாமல் மனுஷிக்கு மருந்து கலந்திருக்கிறீர்கள்.

நான் படிப்பதே உங்கள் வீட்டு ரகசியத்துக்குக் காவல் நிற்கத்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். எனக்குத்தான் முதன்முதலில் ஒரு ஆள் துணை கிடைத்தது என்று அழுதேன். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது.

யோகு


காந்தலூர்
07-07-2025

யோகப்பிரியாவுக்கு,

இவ்வளவு பேசுகிறாயே, இந்த வித்தையை நான் யாரிடம் கற்றேன்?

அப்பா பிரஷர் மாத்திரை சாப்பிடமாட்டேன் என்று அடம் பிடித்தபோது மோரில் நுணுக்கிப் போட்டுக் கொடுத்தது யார்? நீ. "அண்ணா, தெரியாமக் குடுத்துட்டா சண்டையே இல்லீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நர்ஸம்மா கெட்டிக்காரி என்று ஊரே சொன்னது. அப்பா சாகிறவரை அந்த மோரைக் குடித்தார். நீ செய்தால் கெட்டிக்காரத்தனம், நான் செய்தால் கொலையா?

இந்த வீட்டில் அவளோடு இருப்பவன் நான். கடிதம் எழுதுகிறவளுக்கு என்ன தெரியும்? முடிந்தால் வந்து பார்த்துவிட்டுப் பேசு.

ஈஸ்வரமூர்த்தி


வடகரப்பதி
22-07-2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

வந்து பார்த்துவிட்டுப் பேசு என்றீர்கள். வந்து பார்த்தேன், இப்போது பேசுகிறேன். அங்கே ஐந்து நாளும் உங்கள் எதிரில் பேச வாய் வரவில்லை. நீங்கள் தோட்டத்துக்குப் போவதும் வருவதுமாக என் முகத்தைப் பார்க்காமலே இருந்தீர்கள்.

முதலில் அப்பா விஷயம். உண்மைதான். கோபாலபுரத்தில் பஸ் ஏறியதிலிருந்து மறையூர் வரும்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அப்பாவிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் மாத்திரையைக் கையில் வாங்கி விழுங்கியிருப்பார். எனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, அதனால் மோரில் போட்டேன். அதை உங்களுக்குக் கற்றும் கொடுத்தேன். இதற்கு நான் என்ன சமாதானம் சொன்னாலும் அது பொய்.

முதல் இரண்டு நாள் அண்ணி என்னிடமும் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் அரிசியைக் களைந்து அவர் கையிலேயே கொடுத்தேன். "நீங்களே உலையில போடுங்க அண்ணி, நான் தள்ளி உக்காந்துக்கறேன்" என்றேன். போட்டார். வடித்தார். வெறும் சோற்றில் உப்பு மட்டும் போட்டு இரண்டு தட்டு சாப்பிட்டார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன், அழுவதை அவர் பார்க்கக் கூடாதே என்று.

அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் படிக்க வேண்டும்.

"உங்கண்ணன் நல்லவருதான் அம்மிணி. அடிச்சதில்ல, வஞ்சதில்ல. ஆனா மூணு வருசமா அவரு எனக்குப் போட்ட சோத்துல ஒரு வாய்கூட வெறும் சோறு இல்ல. மாத்தரையே வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்? கை நடுங்குது, டாக்டருகிட்டச் சொல்லலாமுங்கன்னேன். சொல்லலாம் சொல்லலாம்னாரு. அப்பறம் கேக்கறதையே உட்டுட்டாரு. நீ எந்தப் படிப்பு வேணாப் படி. எங்கிட்டக் கேட்டுட்டுக் குடு. அவ்வளவுதான்."

நாலாம் நாள் ரேஷன் கடைக்குப் போனோம். கார்டில் பேர் இருக்கிற எல்லோரும் நேரில் வந்து விரல் வைக்க வேண்டும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள்! நீங்கள் அண்ணியைக் கூட்டிப்போகவே இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் கார்டிலிருந்து அவர் பேர் போயிருக்கும். ஒன்றரைக் கிலோமீட்டர், நடந்தே போனோம். பாதி வழியில் அண்ணி நின்றுவிட்டார். திரும்பிவிடலாமா என்று நான் கேட்கவில்லை, வாருங்கள் என்று இழுக்கவும் இல்லை, கூடவே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே நடந்தார்.

கடைக்காரர் ஜின்சன் அண்ணியைப் பார்த்ததும், "சேச்சி, இப்போ சுகமாயோ? மருந்நு கழிக்குந்நில்லே?" என்றார். உடம்பு தேறிவிட்டதா, மருந்து சாப்பிடுகிறீர்கள்தானே என்று கேட்கிறார், சாதாரணமாக, மழை உண்டா என்று கேட்பது போல. வரிசையில் நின்றவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் அண்ணா! காந்தலூர் முழுக்கத் தெரியும். மூன்று வருடமாக நீங்கள் கட்டிக்காத்த ரகசியம் தெரியாதவர்கள் வடகரப்பதியில் உள்ள நாங்கள் மட்டும்தான். இதற்காகவா அண்ணியைத் தோல் உரித்துத் தின்ன வைத்தீர்கள்?

என் முடிவைச் சொல்கிறேன். மனநல நர்ஸிங் சீட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சமூகப் பராமரிப்பில் சேருகிறேன். அங்கே பாடம் நடத்துகிற ஜிபி டீச்சரிடம் பேசியாயிற்று. உங்கள் மேல் கோபத்தில் எடுத்த முடிவு என்று நினைக்காதீர்கள். ஊசி போடத் தெரிந்தவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், அவர்கள் வேலையும் பெரிய வேலைதான். ஆனால் அந்த ஐந்து நாளில் அண்ணிக்கு நான் நர்ஸாக எதுவுமே செய்யவில்லை. பாதி வழியில் கூட நின்றேன். அந்த வேலைக்குத்தான் ஆள் இல்லை. எனக்கு அதுதான் வருகிறது என்று முப்பத்தெட்டு வயதில் தெரிந்திருக்கிறது.

அதனால் உங்கள் வீட்டுக்கு நர்ஸ் கிடையாது. ஆகஸ்ட் பதினாலாம் தேதி வியாழக்கிழமை கோயம்புத்தூர் டாக்டரிடம் அண்ணி பேரில் நேரம் வாங்கியிருக்கிறேன். அண்ணிக்குத் தெரியும், வருகிறேன் என்றிருக்கிறார். பட்டப்பகலில், பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள்தான் கூட்டிப்போக வேண்டும். அதுவரைக்கும் மாத்திரை அட்டையை மேஜைமேல் வையுங்கள். இன்ன மாத்திரை, இன்னதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள். சமையலில் கை வைக்காதீர்கள். தூக்கம் இன்னும் குறைந்தால் பதினாலாம் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள்.

யோகு


காந்தலூர்
28-07-2025

யோகப்பிரியாவுக்கு,

கைவிட்டுவிட்டாய். ஒரே தங்கை, அவள் கையில் தொழில், எனக்காக ஒரு வருடம் படிக்கமாட்டாய். கண்டவர்களோடு நடந்து போவதற்குப் படிக்கிறாய். நல்லது.

நீ போனபின் அவள் சமையலறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னை உள்ளே விடுவதில்லை. அவளுக்கு அவளே பொங்கித் தின்கிறாள். நான் ஜின்சன் கடைக்குப் பக்கத்து ஓட்டலில் பரோட்டா தின்கிறேன். அட்டையை மேஜைமேல் வைத்தேன். இது எதற்கு, அது எதற்கு என்று கேட்கிறாள். மஞ்சள் மாத்திரை எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. "மூணு வருசமாப் போட்டீங்களே, கேட்டு வெச்சிருக்கக் கூடாதா?" என்றாள். உனக்குத் திருப்தியா?

ஈஸ்வரமூர்த்தி


வடகரப்பதி
02-08-2025

அண்ணா,

பொங்கித் தின்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எழுதும்போது உங்களுக்குச் சந்தோஷம் வரவில்லையா? பூண்டு விலை இறங்கின மாதிரி எழுதுகிறீர்கள்! சோறு தின்கிறார் அண்ணா. சோறு!

வகுப்பு நேற்றுத் தொடங்கிவிட்டது. முப்பது பேரில் நான்தான் மூத்தவள், என்னை ஆண்ட்டி என்கிறார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போய்ப் பாதம் வீங்கிவிட்டது. உங்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. மஞ்சள் மாத்திரை எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். பதினாலாம் தேதி டாக்டரைக் கேளுங்கள், அண்ணி பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள்.

போவீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் எழுதுங்கள்.

யோகு


காந்தலூர்
09-08-2025

அன்புள்ள யோகுவுக்கு,

போகிறோம். முதல் பஸ்ஸுக்கே கிளம்புகிறோம். வெள்ளை மாத்திரையைப் பாதி மட்டும் ஐந்து நாளாக அவளே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். மஞ்சளை டாக்டர் சொன்ன பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறாள்.

நீ எழுதியதெல்லாம் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. நீ நர்ஸிங்கை எடுத்திருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அது வேறு. நேற்று நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும், உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

நேற்று மதியம் தோட்டத்திலிருந்து வந்தேன். ஓட்டலுக்குப் போகத் திரும்பினவனை, "இருங்க" என்றாள். தட்டை வைத்து எனக்கும் சோறு போட்டாள். மேலே தயிர் ஊற்றினாள். அவள் கையால் சாப்பிட்டு மூன்று வருடம் ஆகிறது. எனக்கு நல்ல பசி. ஆனால் யோகு, என் கை தட்டுக்குப் போகவில்லை. இதில் என்ன இருக்குமோ என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குனிந்து மோந்துகூடப் பார்த்துவிட்டேன்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சிரிக்கவில்லை, திட்டவில்லை. என் தட்டிலிருந்து ஒரு வாய் அள்ளி என் முன்னாலேயே தின்று முழுங்கினாள். "இப்பத் தின்னுங்க" என்றாள்.

நான் தின்றேன். தலை நிமிரவில்லை. மூன்று வருடம் அவளுக்குச் சோறு போட்டேன் யோகு, ஒருநாள்கூட அவள் தட்டிலிருந்து ஒரு வாய் என்னால் எடுத்துத் தின்றிருக்க முடியாது.

உன் அண்ணன்,
ஈஸ்வரமூர்த்தி